தாடை முறிவு மருத்துவம்: வில்லியனூர், பாகூர் கொம்யூன்களின் பின்னணியில் ஒரு வரலாறு

மேல்தாடை, கீழ்த்தாடை, காதுக்கு முன்னால் அமைந்துள்ள தாடை மூட்டு ஆகியவற்றில் ஏற்படும் முறிவு, விலகல், இறுக்கம், கட்டி, பிறவிக் குறை முதலியவற்றைக் கண்டறிந்து அறுவையின் மூலம் சீர்செய்யும் துறை தாடை அறுவை மருத்துவம் எனப்படும். பல் மருத்துவத்துக்கும் பொது அறுவை மருத்துவத்துக்கும் நடுவில் வளர்ந்த துறை இது. புதுச்சேரி நகரிலிருந்து மேற்கே சுமார் 10 கி.மீ. தொலைவில் வில்லியனூரும், தெற்கே சுமார் 20 கி.மீ. தொலைவில் பாகூரும் உள்ளன. நகரில் 1823ஆம் ஆண்டிலேயே பிரெஞ்சு அரசின் மருத்துவப் பள்ளி தொடங்கப்பட்டுவிட்டது. ஆனால் உடைந்த தாடையை முறைப்படி சேர்க்கும் வசதி இந்த இரு கொம்யூன்களின் எல்லைக்குள் வர இருபத்தோராம் நூற்றாண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

பற்களே சாட்சி

கையோ காலோ முறிந்தால், முனைகள் நேராகச் சேர்ந்தனவா என்று தடவிப் பார்த்தோ எக்ஸ்ரே எடுத்தோதான் அறிய முடியும். தாடையில் இயற்கையே ஓர் அளவுகோலை வைத்திருக்கிறது. மேற்பல்லும் கீழ்ப்பல்லும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தும் விதம் ஒவ்வொருவருக்கும் தனியானது. தாடை எலும்பு சிறிதளவு இடம் பெயர்ந்தாலும் அந்தப் பொருத்தம் கெட்டுவிடும். மருத்துவருக்கு முன்பே நோயாளி அதை உணர்ந்துவிடுவார். ஆகவே, "பல் முன்போலச் சேர்கிறதா?" என்பதே இன்றும் மருத்துவர் கேட்கும் முதல் கேள்வி.

மற்ற அறிகுறிகளும் உண்டு. கீழுதடும் மோவாயும் மரத்துப்போனால், எலும்புக்குள் ஓடும் நரம்பு முறிவில் சிக்கியிருக்கலாம். நாக்கின் அடியில் இரத்தம் கட்டி நீலம் பாரித்திருந்தால் கீழ்த்தாடை முறிந்திருப்பது ஏறத்தாழ உறுதி. வாயைத் திறக்கும்போது மோவாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டால் அந்தப் பக்க மூட்டில் அடி. மோவாய்ப் பகுதி இருபுறமும் முறிந்தால், நாக்கைத் தாங்கும் தசைகள் பிடிப்பிழந்து நாக்கு பின்னே சரிந்து மூச்சை அடைக்கும். அத்தகையவரை மல்லாக்கப் படுக்க வைப்பது ஆபத்து. இந்த ஒன்றை அறியாமல் போன உயிர்கள் பல.

பழங்கால முறைகள்

தாடை மருத்துவத்தின் மிகப் பழைய எழுத்துச் சான்று எகிப்தில் கிடைத்தது. கி.மு. 1600 அளவில் படியெடுக்கப்பட்ட எட்வின் ஸ்மித் பாப்பிரசு ஏட்டில், நழுவிய கீழ்த்தாடையை மீண்டும் இருத்தும் முறை கூறப்படுகிறது. கட்டைவிரல்கள் வாய்க்குள்ளும் மற்ற விரல்கள் மோவாய்க்கு அடியிலும் இருக்கும்படி பிடித்துத் தள்ள வேண்டும். கொட்டாவி விட்டுத் தாடை நழுவி வருபவருக்கு ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர் இன்று செய்வதும் ஏறத்தாழ இதேதான். கடைவாய்ப் பற்களைக் கீழும் பின்னுமாக அழுத்தும்போது தாடை சட்டென்று இடத்தில் அமர்ந்து பற்கள் மூடிக்கொள்ளும். அதனால் மருத்துவர் கட்டைவிரல்களில் துணி சுற்றிக்கொள்வார். மூவாயிரத்து ஐந்நூறு ஆண்டுகளில் இந்த ஒரு வைத்தியம் பெரிதாக மாறவில்லை.

சுசுருத சங்கிதையும் தாடை மூட்டு விலகலுக்கு ஒற்றடம் கொடுத்து, மூட்டை இடத்தில் இருத்தி, பஞ்சாங்கி என்ற கட்டைப் போடச் சொல்கிறது. கிரேக்க இப்போகிரட்டீசு மரபு நூல்கள் முறிவின் இரு பக்கத்துப் பற்களையும் பொற்கம்பியாலோ நூலாலோ பிணைக்கச் சொல்கின்றன. எலும்பைப் பிடிக்க முடியாவிட்டால் பல்லைப் பிடி என்ற அறிவு அங்கே தொடங்குகிறது. 1275இல் இத்தாலியின் சாலிசெட்டோ ஊர் வில்லியம் இன்னும் ஒரு படி மேலே போனார். கீழ்ப்பற்களை அவற்றுக்கு நேரான மேற்பற்களோடு சேர்த்துக் கட்டிவிட்டால், மேல்தாடையே கீழ்த்தாடைக்கு அச்சாக நின்று முறிவைச் சரியான இடத்தில் காக்கும் என்றார். வியப்பு என்னவென்றால், இத்தனை எளிய உண்மை அதன்பின் அறுநூறு ஆண்டுகள் மறந்துபோயிற்று. 1887இல் அமெரிக்கரான தாமசு கில்மர் அதைக் கம்பியைக் கொண்டு மீண்டும் நிலைநிறுத்தினார்.

தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் எலும்பு கட்டும் வைத்தியர்கள் கை, கால் முறிவுக்கு மூங்கில் சிம்பு வைத்து, உளுந்து மாவும் முட்டை வெள்ளைக்கருவும் பூசிய துணியால் கட்டுவது வழக்கம். பலருக்கு அது குணமும் தந்தது. தாடைக்குச் சிம்பு வைக்க இடமில்லை. மோவாயை அணைத்து உச்சந்தலையில் முடிச்சிடும் துணிக்கட்டு ஒன்றுதான் வழி. எலும்பு எப்படியும் ஒட்டிவிடும், ஆனால் கோணலாக ஒட்டும். அதன்பின் வாழ்நாள் முழுதும் சோற்றை ஒரு பக்கமே மெல்ல வேண்டியதுதான். வைத்தியரின் கைத்திறனைக் குறை சொல்வதற்கில்லை. பல்லைப் பல்லோடு பிணைக்கும் கருவி அவரிடம் இல்லை, அவ்வளவே.

பிரெஞ்சுக் காலம்

1880இல் பிரெஞ்சு அரசாணையால் கொம்யூன்கள் அமைக்கப்பட்டபோது வில்லியனூரும் பாகூரும் முதல் பட்டியலிலேயே இடம்பெற்றன. அதற்கு முந்தைய ஆண்டு விழுப்புரம்–புதுச்சேரி இருப்புப்பாதை திறக்கப்பட்டிருந்தது. வில்லியனூருக்கு அதில் ஒரு நிலையம் கிடைத்தது, பாகூருக்குக் கிடைக்கவில்லை. நெல் விளையும் பாகூரிலிருந்து நகர மருத்துவமனைக்கு மாட்டுவண்டிப் பயணம்தான்; வழியில் பிரெஞ்சு மண்ணும் பிரிட்டிஷ் மண்ணும் மாறி மாறி வரும். மாடு உதைத்தோ மரத்திலிருந்து விழுந்தோ தாடை முறிந்த ஒருவருக்கு வண்டியின் ஒவ்வொரு குலுக்கலும் எப்படி இருந்திருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

அதே காலத்தில் பிரான்சில் இத்துறை வேகமாக வளர்ந்தது. லீல் நகரைச் சேர்ந்த ரெனே லெ ஃபோர், இறந்தோரின் 35 தலைகளைப் பலவிதமாக மோதச் செய்து ஆராய்ந்து, மேல்தாடை தாறுமாறாக அல்ல, பெரும்பாலும் மூன்று கோடுகளிலேயே முறிகிறது என்று 1901இல் வெளியிட்டார். புதுச்சேரி மருத்துவர்கள் இன்றும் தம் குறிப்பேட்டில் "லெ ஃபோர் ஒன்று, இரண்டு, மூன்று" என்றுதான் எழுதுகின்றனர்.

முதல் உலகப் போரின் பதுங்குகுழிகளில் உடலை மறைத்த வீரர்கள் தலையைத்தான் நீட்டினர். முகம் சிதைந்தோர் ஆயிரக்கணக்கில் திரும்பினர். பாரிசின் வால் த கிராசு மருத்துவமனையில் அவர்களுக்கு அறுவை செய்தவர்களில் முதன்மையானவர் இப்போலித் மொரெசுத்தேன். அவரும் மார்த்தினிக்கு என்னும் பிரெஞ்சுக் குடியேற்ற நாட்டில் பிறந்தவர். அவருடைய அறுவையை 1915இல் நேரில் கண்ட ஹரோல்டு கில்லீசு, பின்னர் இங்கிலாந்தின் சிட்கப் நகரில் முகச் சீரமைப்புக்கென்றே ஒரு மருத்துவமனையை வளர்த்தார். மயக்க மருந்து தரும் முகமூடி அறுவை செய்ய வேண்டிய இடத்தையே மறைத்ததால், அங்கிருந்த ஐவன் மகில் குழாயை மூச்சுக்குழல் வரை செலுத்தும் முறையை மேம்படுத்தினார். மூக்கு வழியாகச் செலுத்தும் குழாய் இல்லாமல் இன்று தாடை அறுவை பெரும்பாலும் நடப்பதில்லை. முகம் சிதைந்த பிரெஞ்சு வீரர்கள் ஐவர் 1919இல் வெர்சாய் உடன்படிக்கை கையெழுத்தான அரங்கில் அனைவரும் காண நிறுத்தப்பட்டனர். பிரெஞ்சிந்தியாவிலிருந்து அப்போருக்குச் சென்று மடிந்தவர்களுக்குப் புதுச்சேரிக் கடற்கரையில் 1938இல் நினைவுச் சின்னம் எழுப்பப்பட்டது. ஆனால் போர் தந்த மருத்துவ அறிவு அதே கப்பல்களில் ஏறி வில்லியனூருக்கு வந்துவிடவில்லை.

கம்பியிலிருந்து தகட்டுக்கு

கில்மர் முறையில் வாயைக் கம்பியால் பூட்டினால் நான்கு முதல் ஆறு வாரம் அப்படியே இருக்க வேண்டும். கஞ்சி, மோர், பழச்சாறு, பருப்புத் தண்ணீர் மட்டுமே உணவு. பேச்சு பற்களின் இடுக்கு வழியாக வரும். வாந்தி வந்தால் வெட்டுவதற்கு ஒரு கம்பி வெட்டியைக் கையோடு கொடுத்தனுப்புவது வழக்கம். அலுவலகம் செல்பவர் இதைத் தாங்கலாம். நாற்று நடவுக்கும் அறுப்புக்கும் போகும் கூலித் தொழிலாளி ஆறு வாரம் கஞ்சி குடித்துக்கொண்டு வேலை செய்ய முடியாது. உடல் மெலியும், கூலியும் போகும். மருத்துவம் முறையாக நடந்தாலும் ஏழைக்கு அது ஒரு தண்டனையாகவே இருந்தது.

இதை மாற்றியதும் பிரெஞ்சு மருத்துவர்களே. 1973இல் பொர்தோவின் மிசெலே, சிறிய தகடுகளையும் குட்டைத் திருகாணிகளையும் கொண்டு முறிவைப் பிணைத்தார். சிறாசுபூர்கின் மாக்சிம் சாம்பி அதன் பின்னுள்ள விசையை ஆராய்ந்து தகடு எங்கே அமைய வேண்டும் என்று வரையறுத்தார். ஒரு குச்சியை வளைத்தால் நீளும் பக்கத்தில்தான் வெடிப்பு திறக்கும். மெல்லும்போது கீழ்த்தாடையில் அந்தப் பக்கம் பல்லை ஒட்டிய மேல் விளிம்பு. அங்கே ஒரு மில்லிமீட்டர் தடிமனுள்ள தகடு போதும் என்பது சாம்பியின் முடிவு. வாய்க்குள்ளேயே கீறித் தகட்டைப் பொருத்துவதால் முகத்தில் தழும்பில்லை. சில நாட்களில் குழைந்த சோறு உண்ணலாம். இங்கும் தகட்டைத் திருகுவதற்கு முன் பற்களை முதலில் பொருத்திக் கட்டிக்கொள்கிறார்கள். எலும்பு எவ்வளவு அழகாகச் சேர்ந்திருந்தாலும் பல் சேரவில்லை என்றால் திருகாணியைக் கழற்றித்தான் ஆக வேண்டும்.

மருத்துவம் ஊரை நெருங்குதல்

சென்னை மருத்துவக் கல்லூரியில் பல் மருத்துவப் பிரிவு 1953இல் தொடங்கியது. மறு ஆண்டு நவம்பர் 1 அன்று புதுச்சேரி இந்திய ஆட்சிக்கு மாறியது. பழைய பிரெஞ்சு மருத்துவப் பள்ளி மருத்துவக் கல்லூரியாகி, கோரிமேட்டில் புதுக் கட்டடம் கண்டு, 1964இல் ஜிப்மர் என்ற பெயர் பெற்றது. பாகூருக்குத் தெற்கே, சிதம்பரத்தை ஒட்டிய அண்ணாமலை நகரில் ராஜா முத்தையா பல் மருத்துவக் கல்லூரி 1980இல் வந்தது. புதுச்சேரிக்கென ஒரு பல் மருத்துவக் கல்லூரி 1990இல்தான் தொடங்கப்பட்டது. மகாத்மா காந்தியின் பெயர் தாங்கிய அந்த அரசு சார் நிறுவனமும் கோரிமேட்டுப் பகுதியிலேயே அமைந்தது. 2000க்குப் பிறகு நிலை மாறியது. பாகூர் கொம்யூனைச் சேர்ந்த பிள்ளையார்குப்பத்தில் கடலூர் சாலையோரமாகவும், வில்லியனூர் கொம்யூனைச் சேர்ந்த அரியூரில் விழுப்புரம் சாலையோரமாகவும் மருத்துவக் கல்லூரிகளும் பல் மருத்துவக் கல்லூரிகளும் எழுந்தன. முகத் தாடை அறுவை வல்லுநரும் சி.டி. ஸ்கேனும் இப்போது பேருந்து நிறுத்தத்துக்கு அருகில்.

இவை எழுந்த அதே இரு சாலைகள்தான் முறிந்த தாடைகளையும் அனுப்பிவைக்கின்றன. மாடு உதைத்த காலம் போய் இருசக்கர வாகனக் காலம் வந்துவிட்டது. 2019 பிப்ரவரியில் தலைக்கவசக் கட்டாயத்தை உடனே நடைமுறைப்படுத்தத் துணைநிலை ஆளுநர் கிரண் பேடி சாலையில் இறங்கினார். முதலில் விழிப்புணர்வு வேண்டும் என்று முதலமைச்சர் நாராயணசாமி எதிர்த்தார். ஆளுநர் மாளிகை முன் நடந்த தர்ணாவில் இதுவும் ஒரு பொருளாயிற்று. அந்த வாதங்களுக்கிடையே, எந்தத் தலைக்கவசம் என்ற கேள்வி அதிகம் எழவில்லை. காது வரை மட்டும் மூடும் அரைக்கவசம் மண்டையைக் காக்கும், தாடையைக் காக்காது. மோவாயை மறைக்கும் முழுக்கவசத்தால்தான் அது முடியும்.

குழந்தையின் மோவாய்க் காயம்

சாலை விபத்தில் அடிபட்டவரை எப்படியும் மருத்துவமனைக்குக் கொண்டுபோய்விடுவார்கள். கவலைக்குரியது கண்ணில் படாத அடி. திண்ணையிலிருந்தோ சைக்கிளிலிருந்தோ குழந்தை குப்புற விழுந்து மோவாயில் கிழிகிறது. இரண்டு மூன்று தையல் போட்டு வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். தையல் ஆறிவிடும். ஆனால் மோவாயில் விழுந்த அடி எலும்பு வழியே ஏறிக் காதோரத்து மூட்டைத் தாக்கியிருக்கலாம். சிறுவயதில் மூட்டின் தலை மென்மையானது, இரத்த ஓட்டம் மிகுந்தது. அது நசுங்கி இரத்தம் கட்டி, மாதங்கள் செல்லச் செல்ல அங்கே புது எலும்பு வளர்ந்து தாடையை மண்டையோடு ஒட்டவைத்துவிடும். ஓர் ஆண்டு கழித்து வாயில் ஒரு விரல்கூட நுழையாது. கீழ்த்தாடை வளராமல் மோவாய் உள்வாங்கிப்போகும், உறக்கத்தில் மூச்சுத் திணறும். காதில் சீழ் பிடித்து மூட்டுக்குப் பரவினாலும் இதே கதி.

இந்நோய் தென்னிந்தியாவில் அரியதன்று. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய ரிச்சர்டு டோபேசியன் 1960களில் எழுதிய ஆய்வுகள் இன்றளவும் எடுத்தாளப்படுகின்றன. ஒட்டிய எலும்பை வெட்டி இடைவெளி விடுவதோடு நிறுத்தாமல், அந்த இடைவெளியில் வேறொரு திசுவை வைப்பது நல்லது என்பது அவர் ஒப்பிட்டு ஆராய்ந்தவற்றுள் ஒன்று. இப்போது நெற்றிப்பொட்டுத் தசையின் ஒரு மடிப்பை இறக்கி அங்கே வைக்கிறார்கள். வளரும் குழந்தைக்கு விலா எலும்பின் துண்டைக் கொண்டு மூட்டுத் தலையையும் அமைப்பதுண்டு.

இத்தனை பெரிய அறுவையைத் தவிர்க்க, மோவாய்க்குத் தையல் போடும் அன்றே காதுக்கு முன்னால் அழுத்திப் பார்த்து, வாயைத் திறக்கச் சொன்னால் போதும். குழந்தையின் சொந்த விரல்கள் மூன்றை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கினால் வாய்க்குள் நுழைய வேண்டும். நுழையாவிட்டால் படம் எடுக்க வேண்டும். மூட்டு முறிவு என்று தெரிந்தால் பெரியவர்களைப் போல் வாரக்கணக்கில் வாயைப் பூட்டிவைக்கக் கூடாது. சில நாள் ஓய்வுக்குப் பின் வாயைத் திறந்து மூடும் பயிற்சியே மருந்து. பெரும்பாலான குழந்தைகளுக்கு அதுவே போதுமானதாக இருக்கிறது.

தாமதமாக வந்து அறுவை செய்துகொண்ட குழந்தைக்கும் பயிற்சி உண்டு, அது வலி மிகுந்தது. வலிக்கிறது என்று விட்டுவிட்டால் மூட்டு மீண்டும் ஒட்டிக்கொள்ளும். அதனால் வீட்டிலேயே செய்ய எளிய வழி ஒன்றைச் சொல்லித் தருகின்றனர். ஐஸ் குச்சிகளை அடுக்கிப் பற்களுக்கிடையே வைத்துச் சிறிது நேரம் கடித்திருக்க வேண்டும். அது பழகியதும் அடுக்கின் நடுவே இன்னொரு குச்சியைச் செருக வேண்டும். மாதக்கணக்கில் நாள்தோறும் பல வேளை தாய் உடனிருந்து இதைச் செய்யவைக்கிறார். அடுத்த முறை வரும்போது மருத்துவர் குச்சிகளை எண்ணிப் பார்க்கிறார்.