முழங்கால் மூட்டுத்தேய்வு: சிறுதுளைச் சத்திரசிகிச்சை

தேய்ந்த முழங்காலில் பெரிய வெட்டின்றிச் செய்யப்படும் சிகிச்சைகள். இவற்றுள் நெடுங்காலம் செல்வாக்குடன் இருந்தது ஆர்த்ரோஸ்கோபி: சிறு துளையால் கமெராக் குழாயைச் செலுத்தி மூட்டைக் கழுவுதல், சிதைந்த குருத்தெலும்பைச் சீவுதல். அமெரிக்காவின் ஹூஸ்டனில் 180 பேரிடம் நடந்து 2002இல் வெளியான ஆய்வு அதன் மதிப்பைக் குலைத்தது. ஒரு பகுதியினருக்குத் தோலைக் கீறித் தைத்ததோடு சரி. உள்ளே எதுவும் செய்யவில்லை. இரண்டு ஆண்டுகளின் பின்னும் மற்றவர்களின் வலி இவர்களுடையதைவிடக் குறைந்திருக்கவில்லை. 2008இல் வெளியான கனடா ஆய்வும் இச்சிகிச்சையால் கூடுதல் பயன் இல்லையென்றே கண்டது. இன்று முதியோரின் சாதாரணத் தேய்வுக்கு இதைச் செய்ய நியாயம் மிகக் குறைவு.

மூட்டின் உட்பக்கம் மட்டும் தேய்ந்து, தசைநார்கள் உறுதியாக இருந்தால் சிறு வெட்டில் பகுதி மூட்டு மாற்றலாம். ஒக்ஸ்போர்ட் மூட்டு இவ்வகையில் பெயர்பெற்றது. மூட்டு முழுதும் தேய்ந்தவருக்கு முழு மாற்றே வழி.

மூட்டு மாற்றுமுன் நோயாளியின் தொழிலையும் எண்ணவேண்டும். மாங்குளம்–முல்லைத்தீவு வீதியிலுள்ள ஒட்டுசுட்டான் போன்ற வயலூர்களில் குந்தியிருந்து களை பிடுங்குவது வழக்கம். ஆனால் செயற்கை மூட்டுடன் ஆழமாகக் குந்துவது கடினம். முழந்தாளிடுவதும் பலருக்கு நோகும். இதைச் சத்திரசிகிச்சைக்கு முன்னரே நோயாளியிடம் சொல்லவேண்டும். தொடைத்தசைப் பயிற்சி, எடைக்குறைப்பு, கைத்தடி ஆகியவற்றை முதலில் முயல்வது முறை.