லைசென்ஸும் ஒரு நம்பரும்

எழுபது தாண்டியவர்களுக்கு ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை லைசென்ஸ் புதுப்பிக்கும் வேலை வரும். டாக்டர் சர்டிபிகேட் வாங்கிவிட்டேன். மீதியைப் பேரன் கைபேசியில் முடிப்பதாகச் சொல்லி, "தாத்தா, ஆதார் நம்பர்?" என்றான்.

1974-இல் நான் முதல் லைசென்ஸ் எடுத்தபோது யாரும் என்னிடம் நம்பர் கேட்கவில்லை. வயதுக்குச் சான்றாக மேரியில் வாங்கிய பிறப்புப் பத்திரத்தை நீட்டினேன். பிரெஞ்சுக்கார எத்தா சிவில் பத்திரம் எப்படியிருக்கும் என்று நம்மூர்ப் பெரியவர்களுக்குத் தெரியும். ஆண்டு, மாதம், நாள், பிறந்த நேரம் எல்லாம் எழுத்தால்தான். தகப்பனார் வயது, தொழில், சாட்சிகள் பெயர் என்று ஒரு சிறு கதையே இருக்கும். ஓரத்தில் மட்டும் பதிவேட்டின் வரிசை எண். குமாஸ்தாவுக்குப் பிரெஞ்சு தெரியாது. நானே வாசித்துத் தமிழில் சொன்னேன், அவர் நம்பி எழுதிக்கொண்டார்!

1989-ஆம் வருட மத்திய மோட்டார் வாகன விதிகளிலும் அந்தத் தாராளம் இருந்தது. வாக்காளர் பட்டியல், எல்.ஐ.சி. பாலிசி, பாஸ்போர்ட், அரசு சம்பளச் சீட்டு, பள்ளிச் சான்றிதழ் என்று எதைக் காட்டினாலும் சரி. நான் பலருக்குச் சம்பளச் சீட்டு எழுதிக் கொடுத்திருக்கிறேன். லைசென்ஸுக்கு என்று நம்பர் உண்டு, ஆனால் அது ஆபீஸ் நமக்குக் கொடுப்பது.

2010-இல் மகாராஷ்டிரத்தின் தெம்பிளி கிராமத்தில் முதல் ஆதார் வழங்கப்பட்டது. தனியார் கம்பெனிகள் அதைக் கேட்டு வற்புறுத்தக் கூடாது என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2021 மார்ச்சில் வந்த மத்திய அரசு அறிவிக்கை, ஆபீசுக்குப் போகாமல் லைசென்ஸ் வேலை முடிக்க விரும்புகிறவர் ஆதார் காட்டலாம் என்றது. கட்டாயமில்லை, விருப்பம்தான். வெயிலில் வரிசையில் நிற்க எந்தக் கிழவன் விரும்புவான்?

நம்பர் போட்டோம். பெயர் ஒத்துப்போகவில்லை. என் பெயரில் வரும் 'மு'வுக்குப் பிரெஞ்சு வழக்கப்படி ஓ, யு இரண்டும் உண்டு. பழைய லைசென்ஸும் பென்ஷன் புத்தகமும் அப்படியே. ஆதார் எடுத்த பையன் ஒரு யு மட்டும் போட்டிருந்தான். அன்று நான் கவனிக்கவில்லை, அது என் தப்பு.

பைலைத் தூக்கிக்கொண்டு நேரிலேயே போனேன். அங்கிருந்த பெண் பொறுமையானவள். பிறப்புப் பத்திரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இதுல டேட் ஆஃப் பர்த் எங்கே ஐயா?" என்றாள்.

விரல் வைத்து வாசித்துக் காட்டினேன்.