சோதிக்கப்படுவது யார்? ஹெப்பகோடியிலிருந்து பார்க்கும் சாட்பாட் வரலாறு

பெங்களூரிலிருந்து ஓசூர் செல்லும் நெடுஞ்சாலையில் எலெக்ட்ரானிக் சிட்டியைத் தாண்டியதும் வருகிற ஊர் ஹெப்பகோடி. 2025 ஆகஸ்டில் திறக்கப்பட்ட மஞ்சள் வழித்தட மெட்ரோவில் இவ்வூர் நிலையத்தின் பெயரோடு ஒரு மருந்து நிறுவனத்தின் பெயரும் சேர்ந்திருக்கிறது: பயோகான் ஹெப்பகோடி. 1978இல் தொடங்கப்பட்ட அந்நிறுவனம் 2004இல் மனித இன்சுலினை இந்தியச் சந்தைக்குக் கொண்டுவந்தது. எலெக்ட்ரானிக் சிட்டியும் அதே 1978இல் உருவாகத் தொடங்கியதுதான். இவ்வாறு ஒரே சாலையில், ஒரே காலத்தில், இரண்டு தொழில்கள் வளர்ந்தன. ஒன்று உடலுக்குள் செல்லும் பொருளைச் செய்கிறது. மற்றொன்று செய்யும் மென்பொருள், இன்று சாட்பாட் வடிவில் மனிதரின் கேள்விகளுக்கு விடை சொல்கிறது. மக்கள் கைக்குப் போகுமுன் எவ்வளவு சோதிக்க வேண்டும் என்பதில் இவ்விரு தொழில்களும் எதிரெதிர்த் திசையில் நிற்கின்றன. அந்த வேறுபாட்டுக்கு ஒரு வரலாறு உண்டு.

1

மருந்தை விற்பனைக்கு முன் சோதிக்க வேண்டும் என்ற விதி இயல்பாக வந்துவிடவில்லை. 1937இல் அமெரிக்க நிறுவனம் ஒன்று சல்ஃபனிலமைடு என்ற மருந்தை நீர்மமாக்க டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சுக் கரைப்பானைச் சேர்த்து விற்றது. நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அவர்களில் குழந்தைகள் பலர். நச்சுத்தன்மையை முன்கூட்டிச் சோதிக்குமாறு அன்றைய சட்டம் கேட்கவில்லை. அடுத்த ஆண்டே, 1938இல், பாதுகாப்பை நிறுவிய பின்னரே விற்கலாம் என்ற சட்டம் அங்கே வந்தது.

இந்தியாவில் 1940ஆம் ஆண்டின் மருந்துகள் சட்டத்தின் கீழ் இன்று நடைமுறையில் இருப்பவை 2019ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவப் பரிசோதனை விதிகள். சோதனைக்கு உட்படுபவருக்கு என்ன நடக்கப்போகிறது என்று விளக்கி ஒப்புதல் பெற வேண்டும்; நெறிமுறைக் குழு ஏற்க வேண்டும்; அவருடைய அடையாளம் வெளியே தெரியக்கூடாது; தீங்கு நேர்ந்தால் இழப்பீடு தர வேண்டும். மருந்து சரியாக வேலை செய்கிறதா என்பதும், சோதனைக்கு உட்பட்டவரின் அந்தரங்கம் காக்கப்பட்டதா என்பதும் இங்கே ஒரே விதித்தொகுப்பின் இரு பகுதிகள்.

விதி இருந்தால் போதாது என்பதையும் இவ்வரலாறு காட்டுகிறது. காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான இருமல் மருந்து ஒன்றில் அதே டைஎத்திலீன் கிளைக்கால் இருந்ததும், மத்தியப் பிரதேசத்தில் குழந்தைகள் இறந்ததும் 2025இல்தான் நடந்தன. சோதனை என்பது ஒருமுறை முடித்துக் கோப்பில் வைக்கும் சான்றிதழாகிவிட்டால் 1937 திரும்பி வருகிறது.

2

சாட்பாட்டின் வரலாறு 1966இல் தொடங்குகிறது. எம்ஐடி பேராசிரியர் ஜோசப் வைசன்பாம் அவ்வாண்டு எலிசா என்ற நிரலைப் பற்றிய கட்டுரையை வெளியிட்டார். எதிரில் இருப்பவர் சொன்ன தொடரையே திருப்பிக் கேள்வியாக்கும் எளிய நிரல் அது. உளமருத்துவரைப் போலப் பேசும்படி அதற்குக் குறிப்புகள் தரப்பட்டிருந்தன. அதற்கு உலகைப் பற்றி எதுவும் தெரியாது. தெரிந்ததுபோல் தோன்றும் வித்தை மட்டும் தெரியும்.

பத்து ஆண்டுகளுக்குப் பின், 1976இல் எழுதிய நூலில் வைசன்பாம் இரண்டு நிகழ்ச்சிகளைப் பதிவுசெய்தார். நிரல் உருவானதை முதலிலிருந்து பார்த்திருந்த அவருடைய செயலாளரே, அதனோடு சில வரிகள் பேசியதும், அவரை அறையைவிட்டு வெளியே போகச் சொன்னார். இன்னொரு முறை, பலரும் எலிசாவோடு நடத்தும் உரையாடல்களைச் சேமித்துப் பின்னர் ஆராயலாமே என்று வைசன்பாம் சொன்னபோது, மனிதரின் மிக அந்தரங்கமான எண்ணங்களை உளவு பார்க்கப் போகிறாயா என்று சுற்றியிருந்தவர்கள் கண்டித்தனர்.

சாட்பாட்டின் இரு சிக்கல்களும் முதல் சாட்பாட்டிலேயே வெளிப்பட்டுவிட்டன. அறியாததை அறிந்ததுபோலச் சொல்வது ஒன்று. அப்படிச் சொல்வதாலேயே மனிதர் மனம் திறந்து பேசிவிடுவது இன்னொன்று. எலிசா ஆய்வுக்கூடத்துக்குள் இருந்ததால் சேதம் சிறிது.

3

2022 நவம்பர் 30 அன்று ஓப்பன்ஏஐ நிறுவனம் சாட்ஜிபிடியைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டபோது அதற்கு இட்ட பெயர் ‘ஆய்வு முன்னோட்டம்’. மருந்துத் தொழிலின் மொழியில் சொன்னால் சோதனைக் கட்டம் முடியவில்லை; ஆனால் மருந்து எல்லார் கைக்கும் போய்விட்டது. சோதனைக்கு உட்பட்டோர் உலகெங்கும் இருந்த பயனர்கள்.

சோதனையின் முடிவுகள் நீதிமன்றங்களில் தெரியத் தொடங்கின. 2023 ஜூனில் நியூயார்க் நீதிமன்றம், சாட்ஜிபிடி கற்பித்துத் தந்த வழக்குகளை முன்தீர்ப்புகளாகக் காட்டிய வழக்கறிஞர்களுக்கு 5,000 டாலர் தண்டம் விதித்தது. அவ்வழக்கில் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. வழக்கறிஞர் சரிபார்க்காமல் விடவில்லை. இவ்வழக்குகள் உண்மையானவையா என்று அதே சாட்பாட்டிடம் கேட்டார். ஆம் என்றது அது.

பெங்களூருக்கும் இது வந்தது. 2024 டிசம்பர் இறுதியில் வருமான வரி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தின் பெங்களூர் அமர்வு வழங்கிய ஆணையொன்றில், உச்ச நீதிமன்றத்தின் பெயராலும் சென்னை உயர் நீதிமன்றத்தின் பெயராலும் காட்டப்பட்ட முன்தீர்ப்புகளில் சில எந்த ஏட்டிலும் இல்லை. ஆண்டு, தொகுதி எண், பக்க எண், வழக்காடிகளின் பெயர் என்று வடிவம் மட்டும் குறையின்றி இருந்தது. சாட்பாட் பயன்பட்டிருக்கும் என்ற ஐயம் பரவலாக எழுந்தது; சில நாட்களில் ஆணை திரும்பப் பெறப்பட்டது. 2025 மார்ச்சில் பெங்களூர் நகர உரிமையியல் நீதிமன்றத்தின் ஆணையொன்றிலும் இல்லாத உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் இருப்பதைக் கர்நாடக உயர் நீதிமன்றம் கண்டு நடவடிக்கைக்கு அனுப்பியது. அதே ஆண்டு ஜூலையில் கேரள உயர் நீதிமன்றம் மாவட்ட நீதித்துறைக்கெனக் கொள்கை ஒன்றை வெளியிட்டது. தீர்ப்பு முடிவுகளுக்குச் செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்தக்கூடாது, அங்கீகரிக்கப்படாத கருவிகளைத் தொடக்கூடாது என்ற அதன் இரு கட்டளைகளில் முதலாவது துல்லியத்தையும், இரண்டாவது வழக்காடிகளின் இரகசியத்தையும் காப்பதற்கு.

சாட்பாட் ஏன் இப்படிக் கற்பித்துச் சொல்கிறது? 2025 செப்டம்பரில் ஓப்பன்ஏஐ ஆய்வாளர்கள் வெளியிட்ட கட்டுரை ஒரு காரணத்தைத் தேர்வு முறையிலேயே காண்கிறது. இத்தகைய மாதிரிகளை மதிப்பிடும் பெரும்பாலான சோதனைகளில் சரியான விடைக்கு மதிப்பெண் உண்டு. தவறான விடைக்கும் ‘தெரியாது’ என்பதற்கும் ஒரே பூச்சியம். தமிழ்நாட்டு மாணவருக்கு இதை விளக்கவே வேண்டாம். தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் விடைத்தாளில் ‘விடை தெரியவில்லை’ என்பதற்கு ‘இ’ என்ற ஐந்தாம் வட்டம் உண்டு. தவறான விடைக்கு மதிப்பெண் குறையாது என்றிருக்கும்போது அந்த வட்டத்தை நிரப்புவதைவிட ஊகித்துப் பார்ப்பதே தேர்வர்க்கு இலாபம். அந்த இலாபக் கணக்கைத்தான் சாட்பாட்டும் கற்றிருக்கிறது.

4

துல்லியத்தில் இல்லாததைச் சொல்வது குற்றம் என்றால், தனியுரிமையில் இருப்பதைச் சொல்லிவிடுவது குற்றம். 2021இல் நிக்கலஸ் கார்லினியும் உடன் ஆய்வாளர்களும் ஜிபிடி-2 என்ற மாதிரியிலிருந்து 600க்கும் மேற்பட்ட பயிற்சித் தரவுப் பகுதிகளை எழுத்துக்கு எழுத்து வெளியே எடுத்துக் காட்டினர். தனிமனிதரின் பெயரும் தொலைபேசி எண்ணும் முகவரியும் அவற்றுள் இருந்தன. 2023 நவம்பரில் வெளியான தொடர் ஆய்வில், ஒரே சொல்லை ஓயாமல் திரும்பச் சொல்லும்படி சாட்ஜிபிடியிடம் கேட்டனர். சிறிது நேரம் சொல்லிக்கொண்டிருந்த அது, பின்னர் தடம் மாறித் தன் பயிற்சித் தரவைக் கொட்டத் தொடங்கியது.

இது பழைய தரவு. பயனர் தாமே தட்டச்சு செய்வது வேறு. 2023 மார்ச் 20 அன்று மென்பொருள் பிழை ஒன்றால் சாட்ஜிபிடி பயனர் சிலருக்குப் பிறருடைய உரையாடல் தலைப்புகள் தெரிந்தன. அம்மாத இறுதியில் இத்தாலியின் தரவுப் பாதுகாப்பு ஆணையம் அச்சேவையைத் தற்காலிகமாகத் தடுத்தது. இந்திய நிதி அமைச்சகம் 2025 ஜனவரியில் அலுவலகக் கணினிகளில் சாட்ஜிபிடி, டீப்சீக் போன்றவற்றைத் தவிர்க்குமாறு ஊழியர்களுக்குக் குறிப்பு அனுப்பியது.

இரு குற்றங்களும் ஒரே விடையில் சந்தித்த நிகழ்வும் உண்டு. நார்வே நாட்டவர் ஒருவர் தம்மைப் பற்றிச் சாட்ஜிபிடியிடம் கேட்டபோது, அவர் தம் பிள்ளைகளைக் கொன்று தண்டனை பெற்றவர் என்று அது சொன்னது. கொலை முழுப்பொய். ஆனால் அவருடைய சொந்த ஊரும், பிள்ளைகளின் எண்ணிக்கையும் பாலினமும் உண்மை. ஆஸ்திரியாவைச் சேர்ந்த நாய்ப் என்ற தனியுரிமை அமைப்பு 2025 மார்ச்சில் இதை நார்வே ஆணையத்திடம் முறையிட்டது. பொய்யை நம்பவைத்தது அதனோடு கலந்திருந்த அந்தரங்க உண்மை. துல்லியத்தை ஒரு குழுவும் தனியுரிமையை இன்னொரு குழுவும் தனித்தனியே சோதித்தால் இத்தகைய விடை இருவர் கையிலும் சிக்காமல் நழுவிப் போகக்கூடும்.

5

தனியுரிமையின் இந்திய வரலாற்றில் பெங்களூருக்குத் தனியிடம் உண்டு. ஆதாரை எதிர்த்து 2012இல் உச்ச நீதிமன்றம் சென்றவர் இந்நகரில் வாழ்ந்த ஓய்வுபெற்ற நீதிபதி கே. எஸ். புட்டசாமி. அவர் பெயரால் அமைந்த வழக்கில் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு 2017 ஆகஸ்ட் 24 அன்று தனியுரிமையை அடிப்படை உரிமை என ஒருமனதாக அறிவித்தது. அதன் வழி வந்த எண்ம தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இல் இயற்றப்பட்டது. விதிகள் 2025 நவம்பரில்தான் அறிவிக்கப்பட்டன. அச்சட்டத்தில் ஒரு விலக்கு இருக்கிறது: ஒருவர் தாமே பொதுவெளியில் வைத்த தனிநபர் தரவுக்குச் சட்டம் பொருந்தாது. சாட்பாட்டுகள் பெருமளவு பயில்வது இணையத்தின் பொதுவெளியிலிருந்து என்பதை நினைவிற் கொண்டால், இந்த விலக்கின் அகலம் புரியும்.

6

முறையான சோதனை இயலாத ஒன்றன்று. அதற்கான இரு சான்றுகளும் பெங்களூரிலேயே உள்ளன. மைக்ரோசாஃப்ட் ரிசர்ச் இந்தியா ஆய்வாளர்கள் கார்யா என்ற அமைப்போடு சேர்ந்து 2024இல் வெளியிட்ட ‘பரீக்ஷா’ ஆய்வில் 10 இந்திய மொழிகளில் 30 மாதிரிகளின் விடைகள் சோதிக்கப்பட்டன. மனிதர் அளித்த மதிப்பீடுகள் மட்டும் சுமார் 90,000. மனிதருக்குப் பதிலாக இன்னொரு மாதிரியையே நடுவராக அமர்த்தலாமா என்ற கேள்விக்கும் அவ்வாய்வு விடை தேடியது. இரண்டு விடைகளை ஒப்பிடச் சொன்னால் மனித நடுவரோடு இயந்திர நடுவர் ஓரளவு ஒத்துப்போனது. ஒரு விடையைத் தனியே மதிப்பிடச் சொன்னால், வங்காளம், ஒடியா போன்ற மொழிகளில் அந்த ஒற்றுமை குறைந்தது. தமிழில் சரியா என்பதைத் தமிழறிந்த மனிதரே பார்க்க வேண்டும் என்ற வாதத்துக்கு இது வலுச்சேர்க்கிறது.

இரண்டாவது சான்று மருத்துவமனையில் நடந்தது. அதே நிறுவன ஆய்வாளர்கள் பெங்களூர் சங்கரா கண் மருத்துவமனையோடு இணைந்து, கண்புரை அறுவைசிகிச்சை பற்றிய கேள்விகளுக்கு விடையளிக்கும் ‘காட்டராக்ட்பாட்’ என்ற சாட்பாட்டை உருவாக்கினர். மருத்துவமனை தொகுத்துத் தந்த தகவலிலிருந்து மட்டுமே அது விடையளிக்கும். அவ்விடையை மருத்துவர் ஒருவர் பின்னர் பார்த்துச் சரியென்பார் அல்லது திருத்துவார். 49 பேர் பங்கேற்ற நேரடிச் சோதனையில் நோயாளிகளின் நம்பிக்கைக்கு அடிப்படையாக இருந்தது நிபுணரின் இந்தச் சரிபார்ப்பே. நியூயார்க் வழக்கறிஞர் சாட்பாட்டிடமே சான்று கேட்டார். இங்கே சான்று தந்தவர் பதிலுக்குப் பொறுப்பேற்கும் ஒரு மனிதர்.

7

மீண்டும் ஹெப்பகோடி. கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்து ஓசூர் சாலைத் தொழிற்சாலைகளுக்கு வேலைக்கு வருகிற ஒருவர், ஊரிலிருக்கும் தாயின் சர்க்கரை அளவைச் சொல்லி, இன்று எத்தனை யூனிட் இன்சுலின் போடலாம் என்று கைப்பேசியில் தமிழும் கன்னடமும் ஆங்கிலமும் கலந்து கேட்பதாகக் கொள்வோம். தாயின் வயதும் நோயும் மருந்துச் சீட்டின் படமும் அக்கேள்வியோடு போய்ச் சேர்கின்றன. தாய் அதற்கு ஒப்புதல் தரவில்லை.

அந்த இன்சுலின் குப்பியின் மேல் தயாரித்தவரின் முகவரி, உரிம எண், தொகுதி எண், காலாவதி நாள் எல்லாம் அச்சாகியிருக்கின்றன. பக்கவிளைவு ஏற்பட்டால் தெரிவிப்பதற்கு 2010 முதல் இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டம் இருக்கிறது. கைப்பேசியில் வந்த விடையின் மேல் இவற்றில் ஒன்றும் இல்லை. செயற்கை நுண்ணறிவால் நேரும் தீங்குகளுக்கென ஒரு தேசியத் தரவுத்தளம் வேண்டும் என்று ஒன்றிய அரசின் வழிகாட்டுதல்கள் 2025 நவம்பரில் பரிந்துரைத்திருக்கின்றன. மருந்தின் வரலாற்றில் விற்பனைக்கு முன் பாதுகாப்பை நிறுவக் கோரும் சட்டம் வருவதற்கு முன் நூறு பேர் இறக்க வேண்டியிருந்தது. அதைப் படித்தறிந்த பின்னும் சாட்பாட்டுக்கு அதே வரிசையில்தான் விதிகள் வர வேண்டுமா என்பதே மாணவர்களும் ஆய்வாளர்களும் இன்று எழுப்ப வேண்டிய கேள்வி.