ஈயக் குண்டுகள் இடம் மாற்றிய போர்க்களம்

1485 ஆகஸ்ட் 22 அன்று பாஸ்வொர்த் போரில் மூன்றாம் ரிச்சர்ட் மாண்டான். வென்ற ஹென்றி டியூடர், ஏழாம் ஹென்றியாக முடிசூடினான். இங்கிலாந்தில் பள்ளிப் பிள்ளைகளும் அறிந்த சேதி இது. ஆனால் போர் நடந்த இடம்? ஆம்பியன் குன்று என்றே நெடுங்காலம் நம்பி, 1974-இல் அங்கே பார்வையாளர் மையமும் திறந்துவிட்டார்கள்.

2005-இல் தொல்லியலாளர் கிளென் ஃபோர்டு தலைமையில் கள ஆய்வு தொடங்கியது. ஏடுகள் குறிப்பிடும் சதுப்பு நிலத்தை மண்ணின் படிவுகளில் தேடினார்கள். வயல்களை உலோகங்காணும் கருவியால் வரிவரியாகத் துழாவினார்கள். புதையல் வேட்டைக்காரர்களின் விளையாட்டுச் சாமான் என்று அறிஞர் பலர் முகம் சுளித்த கருவி அது. 2009-இல் குன்றுக்குத் தென்மேற்கே ஏறக்குறைய 3 கி.மீ. தள்ளி ஈயப் பீரங்கிக் குண்டுகள் அகப்பட்டன. முடிவில் 30-க்கு மேல் சேர்ந்தன. பெரியதன் விட்டம் 93 மி.மீ. அதே பகுதியில் ரிச்சர்டின் சின்னமான காட்டுப்பன்றி பொறித்த, பொன்முலாம் பூசிய சிறு வெள்ளி வில்லையும் கிடைத்தது. வாதம் ஏறக்குறைய முடிந்தது.

அம்புமுனை இரும்பு, மண்ணில் துருவேறிக் கரைந்துபோகும். ஈயமோ மேலே வெளிறிய படலம் படிந்து, அந்தப் படலமே காப்பாக, நூற்றாண்டுக் கணக்கில் கிடக்கும். கையில் எடுத்துப் பார்த்தால், அச்சின் இரு பாதிகள் கூடிய இடத்தில் மெல்லிய வரம்பு ஓடும். உருக்கிய ஈயத்தை ஊற்றிய வாயை வெட்டிய தழும்பும் சில குண்டுகளில் தெரியும்.

எனக்கு வியப்பூட்டுவது உள்ளே இருப்பது. சில குண்டுகள் முழு ஈயமல்ல. இரும்புத் துண்டையோ கல்லையோ நடுவில் வைத்துச் சுற்றிலும் ஈயம் வார்த்தவை. உடைக்காமலே இதைக் கண்டுகொள்ளலாம். 60 மி.மீ. விட்டமுள்ள முழு ஈயக் குண்டு சுமார் 1,280 கிராம் நிற்க வேண்டும். எடை குறைந்தால் உள்ளே வேறு சரக்கு. ஏன் இந்த வேலை? ஈயம் விலை கூடியது என்பது ஒரு காரணமாகலாம். மெத்தென்ற மேற்பூச்சு பீரங்கிக் குழலின் உட்சுவரைத் தேய்க்காது என்பதும் உண்டு.

அவசரத்துக்குச் செய்த ஒப்பேற்றல் என்று இதைத் தள்ளிவிட முடியாது. 1545-இல் மூழ்கி 1982-இல் மேலே தூக்கப்பட்ட ‘மேரி ரோஸ்’ போர்க்கப்பலிலும் இரும்பு பொதிந்த ஈயக் குண்டுகள் இருந்தன. பாஸ்வொர்த்துக்கு 60 ஆண்டுகள் கழித்தும், அரசனின் சொந்தக் கப்பலுக்கே இந்தக் குண்டுகளை வார்த்துக் கொடுத்திருக்கிறார்கள்.