கங்கை மாசும் யாத்திரிகர் மீதான பழியும்: காசியை முன்வைத்து

காசியில் கங்கை தெற்கிலிருந்து வடக்கே ஓடுகிறது. நகரின் தென்கோடியில் அஸ்ஸி; ஒரு காலத்தில் சிற்றாறு, இன்று உள்ளூரார் 'நாலா' என்றே சொல்லும் சாக்கடை. அது நகவா அருகே ஆற்றில் விழுந்த பிறகுதான் கங்கை துளசி காட், தமிழர்கள் அதிகம் இறங்கும் ஹனுமான் காட், கேதார் காட் என ஒவ்வொரு படித்துறையாகத் தொட்டுப் போகிறது. கேதார் காட்டில் சங்கல்பம் செய்து முங்கி எழுபவர் செம்பில் மொள்ளும் நீரில் அந்தச் சாக்கடையும் கலந்திருக்கிறது. ஆனாலும் கங்கை மாசு என்றதும் பேச்சு அவர் ஆற்றில் விட்ட மாலைக்குத்தான் போகிறது.

இந்தப் பழிக்கு வயது ஒன்றரை நூற்றாண்டு. 1866இல் கான்ஸ்டான்டிநோபிளில் கூடிய சர்வதேச சுகாதார மாநாடு, காலரா பரவுவதற்கு இந்திய யாத்திரைகளை முக்கியக் காரணமாகக் காட்டியது. அடுத்த ஆண்டே ஹரித்வார் கும்பமேளாவிலிருந்து திரும்பியவர்கள் வழியாக வட இந்தியாவில் காலரா பரவியது. அச்சம் ஆதாரமற்றதல்ல. ஆனால் அதன் பிறகு அரசுச் சுகாதாரக் கோப்புகளில் யாத்திரிகர் நோய் சுமப்பவராகவே நிலைத்துவிட்டார். 1892இல் ஹரித்வாரில் மஹாவாருணி நீராடலுக்குக் கூடியவர்களை அரசு கலைத்தே அனுப்பியது.

அதே காலத்தில் காசியில் வேறொன்று நடந்தது. ஆய்வாளர்கள் இதற்கு இன்னும் கூடுதல் கவனம் தந்திருக்க வேண்டும். 1880களில் காசி கங்கா பிரசாதினி சபா என்ற அமைப்பை ஊர்ப் பெரியவர்களே தொடங்கி, நகரக் கழிவு கங்கையில் சேராதபடி வடிகால் அமைக்கப் பணம் திரட்டினார்கள். பக்தர்களுக்கு ஆற்றின் மேல் அக்கறையில்லை என்ற பேச்சுக்கு இதுவே போதுமான மறுப்பு. அரசின் குடிநீர்த் திட்டமோ காசியின் பதைனியில் ராமர் கோயிலுக்கு ஆபத்து என்ற அச்சத்தால் 1891இல் கலவரத்தைச் சந்தித்தது. 1892இல் குழாய்நீர் வந்தது. வீட்டுக்குள் வரும் நீர் பெருகினால் வெளியேறும் நீரும் பெருகும். அது போய்ச் சேர்ந்த இடம் ஆறுதான்.

காந்தி 1915 ஹரித்வார் கும்பமேளாவில் தென்னாப்பிரிக்காவின் பீனிக்ஸ் குடியிருப்பிலிருந்து வந்த தம் தோழர்களைத் துப்புரவுப் பணியில் ஈடுபடுத்தினார். 1916 பிப்ரவரியில் காசி இந்துப் பல்கலைக்கழகத் தொடக்க விழாவில் விசுவநாதர் கோயில் சந்தின் அழுக்கைப் பற்றி வெளிப்படையாகப் பேசினார். அந்தச் சுயவிமர்சனம் நியாயமானது. ஆனால் சந்தின் குப்பை கண்ணுக்குத் தெரியும். தரைக்கடியில் ஓடும் சாக்கடை தெரியாது.

1986 ஜூன் 14 அன்று ராஜீவ் காந்தி காசியில் கங்கைச் செயல்திட்டத்தைத் தொடங்கிவைத்தார். மாசில் ஏறத்தாழ முக்கால் பங்கு நகரச் சாக்கடையால் வருவது என்பதே அத்திட்டத்தின் அடிப்படை. ஊர் முழுக்கப் பேசப்பட்டதோ, பாதி எரிந்த சடலங்களைத் தின்ன ஆற்றில் விடப்பட்ட ஆமைகளும் ஹரிச்சந்திர காட் மின்தகன மேடையும்! தீனாப்பூரில் 80 எம்.எல்.டி., அதாவது நாளொன்றுக்கு 8 கோடி லிட்டர் கழிவைச் சுத்திகரிக்கும் நிலையம் எழுந்தது. படித்துறையோரப் பம்புகள் கழிவை மேலேற்றி அங்கே அனுப்ப வேண்டும். மின்சாரம் போனால் பம்பு நிற்கும். கழிவு நேரே ஆற்றுக்கு. மழைக்கால வெள்ளத்திலும் இதே கதி. சுத்திகரித்த நீரிலும் மலக் கிருமிகள் தங்கின. அந்தத் தொழில்நுட்பம் அவற்றை அகற்றுவதற்கானதல்ல.

இந்தக் குறையை விடாமல் சுட்டிக்காட்டியவர் வீரபத்ர மிஸ்ரா. காசியின் சங்கட் மோசன் கோயிலின் மஹந்த், அதாவது தலைவர். காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் நீரியல் பொறியியல் பேராசிரியர். அன்றாடம் கங்கையில் நீராடியவர். 1982இல் 'ஸ்வச்ச கங்கா' இயக்கத்தைத் தொடங்கினார். கங்கையின் புனிதம் கெட்டது என்று பக்தர்களிடம் அவர் வாதிடவில்லை; தாயின் மேல் சாக்கடையைப் பூசப் பொறுப்போமா என்றே கேட்டார். கழிவைப் புவியீர்ப்பால் நகருக்கு வெளியே கொண்டுபோய், பாசி வளரும் குளங்களில் தெளியவைக்கும் திட்டத்தைக் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகப் பேராசிரியர் வில்லியம் ஆஸ்வால்டுடன் வகுத்தார். மின்வெட்டை அறிந்தவரின் திட்டம் அது. 2013இல் அவர் காலமாகும்வரை நிறைவேறவில்லை.

2014இல் 'நமாமி கங்கே' 20,000 கோடி ரூபாயுடன் வந்தது. 2018இல் தீனாப்பூரில் 140 எம்.எல்.டி. நிலையமும், கோயிட்டாவில் 120 எம்.எல்.டி. நிலையமும் இயங்கத் தொடங்கின. எல்லாப் படித்துறைகளுக்கும் மேலே கலக்கும் அஸ்ஸி, நகவா கழிவுக்கென ரம்னாவில் 50 எம்.எல்.டி. நிலையம் அவற்றுக்கும் பின்னரே வந்தது.