விக்டோரியா காலத்து கவுனுக்கும் நம்ம ரவிக்கைக்கும் என்ன சம்பந்தம்?

வேளாங்கண்ணியில் ஆரோக்கிய மாதா சேலை உடுத்தித்தான் காட்சி தருகிறார். பேராலயத்துக்கு வரும் பெண்களிலும் சேலை கட்டியவர்கள் ஏராளம். சேலை நம்ம ஊர் உடை, சரி. ஆனா உள்ளே போட்டிருக்கும் டாட் பிடித்த, ஹூக் வைத்த ரவிக்கை? அதன் கதையில் பாதி இங்கிலாந்தில் இருக்கிறது. விக்டோரியா ராணி ஆண்ட 1837 முதல் 1901 வரையிலான காலத்தில் அங்கே பெண்கள் பகலில் உடுத்திய கவுனை, அதாவது 'டே டிரஸ்'ஸைப் பிரித்துப் பார்த்தால் புரியும்.

பகலுக்கு ஒன்று, இரவுக்கு ஒன்று

வசதியான வீட்டுப் பெண் ஒரே நாளில் பலமுறை உடை மாற்றுவார். பகல் உடையில் கழுத்து மூடியிருக்கும், கை பெரும்பாலும் மணிக்கட்டு வரை நீளும். இரவு விருந்துக்கான உடை நேரெதிர்: கழுத்து இறங்கி, கை குட்டையாக இருக்கும்.

எப்படித் தைத்தார்கள்?

பார்க்க ஒரே கவுன் மாதிரி தெரியும். ஆனால் 1850-களுக்குப் பிறகு பெரும்பாலும் அது இரண்டு துண்டு. மேலே 'பாடிஸ்', கீழே 'ஸ்கர்ட்'.

உழைப்பெல்லாம் பாடிஸில்தான். வெட்டிய துணியையும் லைனிங்கையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, இரண்டையும் ஒரே துணி போலச் சேர்த்துத் தைப்பார்கள். முன்பக்கம் மார்புக்குக் கீழே டாட். முதுகில் வளைந்த தையல்களோடு பல துண்டுகள். தையல் ஓரங்களுக்குள் திமிங்கலத்தின் வாயிலிருந்து எடுத்த வளையும் பட்டைகளைச் செருகுவார்கள். பிறகு எஃகுப் பட்டையும் வந்தது. மூடுவதற்கு முன்பக்கம் ஹூக் அல்லது பட்டன். இத்தனைக்கும் அடியில் இடுப்பை இறுக்கும் கார்செட் வேறு!

1840, 50-களின் உடைகளில் கை இணையும் இடம் தோளுக்குக் கீழே இறங்கியிருக்கும். அதனால் கையை மேலே தூக்குவதே சிரமம். அலமாரியின் மேல்தட்டில் இருந்து எதையாவது எடுக்க வேண்டுமென்றால் வேலைக்காரியைத்தான் கூப்பிட வேண்டும்.

ஸ்கர்ட்டில் பல மீட்டர் துணி, இடுப்பில் நெருக்கமான கொசுவம். அதை விரித்துக் காட்ட முதலில் பாவாடைக்கு மேல் பாவாடையாக அடுக்கினார்கள். 1856-ல் எஃகு வளையங்களால் ஆன 'கிரினோலின்' கூண்டு வந்ததும் அந்தப் பாரம் குறைந்தது. 1870-களில் கூண்டு போய், பின்பக்கம் மட்டும் தூக்கி நிற்கும் 'பஸில்' வந்தது. 1890-களில் பார்வை கைக்கு மாறியது, பலூன் போல உப்பிய பஃப் கை.

ஸ்கர்ட்டின் அடி ஓரத்தில் ஒரு நாடா தைத்திருப்பார்கள். தரையில் உரசித் தேய்வது அந்த நாடாதான், தேய்ந்தால் அதை மட்டும் மாற்றலாம். நாம சேலைக்கு ஃபால்ஸ் அடிக்கிறோமே, அதே வேலை.

துணி எங்கிருந்து?

வேளாங்கண்ணியில் இருந்து கூப்பிடு தூரம்தான் நாகப்பட்டினம். 1658 முதல் 1781 வரை அது டச்சுக்காரர்கள் கையில் இருந்தது. இந்தச் சோழமண்டலக் கடற்கரையில் இருந்து போன பூப்போட்ட பருத்தித் துணிக்கு ஐரோப்பாவில் அப்படி ஒரு மவுசு. உள்ளூர் நெசவு படுத்துவிடும் என்று பிரான்ஸ் 1686-லேயே தடை போட்டது. இங்கிலாந்தும் 1721-ல் அச்சிட்ட பருத்தித் துணிக்குக் கடுமையான தடைச் சட்டம் போட்டது. விக்டோரியா காலத்தில் எல்லாம் தலைகீழ். மான்செஸ்டர் மில் துணி நம்ம சந்தைக்கு வந்து இறங்கியது.

ரவிக்கைக்கு எப்படி வந்தது?

முன்னால் முடிச்சுப் போட்டுக் கட்டும் ரவிக்கை இங்கே ஏற்கெனவே உண்டு. வெள்ளைக்காரர் ஆட்சியில் சேலைக்குக் கீழே உள்பாவாடையும் மேலே தைத்த ஜாக்கெட்டும் நகரத்துப் படித்த குடும்பங்களில் முதலில் பரவின. வங்காளத்தில் இதற்கு வழிகாட்டியவர், தாகூர் குடும்பத்து மருமகள் ஞானதாநந்தினி தேவி. 1860-களில் பம்பாயில் பார்சிப் பெண்கள் சேலை கட்டுவதைப் பார்த்து, ஜாக்கெட், பாவாடையோடு ஒரு புதுக்கட்டைப் பழக்கத்துக்குக் கொண்டுவந்தார்.

ஆனால் ஜாக்கெட் எல்லோருக்கும் ஃபேஷனாக வந்துவிடவில்லை. இன்றைய கன்னியாகுமரி மாவட்டம் அன்று திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. அங்கே நாடார் பெண்கள் மேலாடை அணிய ஆதிக்க சாதியினர் தடை விதித்திருந்தார்கள். அதை மீறியவர்கள் தாக்கப்பட்டார்கள், துணி கிழிக்கப்பட்டது. பல ஆண்டு தோள்சீலைப் போராட்டத்துக்குப் பிறகு 1859 ஜூலை 26 அன்று அரசாணை வந்தது. அதுவும் முழு உரிமை இல்லை. ஜாக்கெட் போடலாம், ஆனால் உயர்சாதிப் பெண்கள் போல மேல்சீலை அணியக் கூடாது. லண்டனில் கிரினோலின் மோகம் உச்சத்தில் இருந்த நேரம் அது.

அங்கேயும் உடை சும்மா விடவில்லை. 1881-ல் லண்டனில் தொடங்கிய 'ரேஷனல் டிரஸ் சொசைட்டி', பெண்களின் உள்ளாடைகளின் மொத்த எடை 7 பவுண்டுக்கு, அதாவது சுமார் 3.2 கிலோவுக்கு மேல் போகக் கூடாது என்று சொன்னது. அது உள்ளாடைக்கு மட்டும், கவுன் கணக்கில் இல்லை!

இன்னொரு ஒற்றுமை. அந்தக் காலத் தையல்காரர்கள் உள்தையலில் தாராளமாகத் துணி விடுவார்கள். உடம்பு போட்டால் பிரித்துப் பெரிதாக்கலாம், ஃபேஷன் மாறினால் புதிதாக வெட்டித் தைக்கலாம். "உள்ளே கொஞ்சம் துணி விட்டுத் தைங்கண்ணே" என்று நம்ம ஊர் டெய்லரிடம் சொல்வதும் அதற்குத்தான்.