சுகத்தின் சமன்பாட்டுக்கு வெளியே

வேதியியல் ஆய்வகத்தில் பர்னர் எரியும்போது மின்விசிறி போடக் கூடாது. சுடர் ஆடும். தமிழ் படிக்கப் போகுமுன் பிளஸ் டூவில் இரண்டு வருடம் அந்தப் புழுக்கத்தில் நின்றிருக்கிறேன். ஜன்னலெல்லாம் திறந்துதான் கிடக்கும். ஆனாலும் வேர்த்து ஊத்தும். அதைத் தாங்குவதும் படிப்பில் சேர்த்தி என்று நினைத்துக்கொண்டிருந்தோம். 'வெப்ப சுகம்' என்றொரு அறிவியல் இருப்பதும், பல்கலைக்கழகத்துக்குள்ளேயே, மாணவர் உடல்களை வைத்தே அது எண்ணாக ஆக்கப்பட்டதும் வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது.

அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் 720 மாணவ மாணவியருக்கு ஒரே மாதிரி மெல்லிய சீருடை அணிவித்து, வெப்பமும் ஈரப்பதமும் கட்டுப்படுத்திய அறையில் மூன்று மணி நேரம் உட்காரவைத்தார்கள். குளிர்கிறதா, சுடுகிறதா, இரண்டுமில்லையா என்று குறிக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. முடிவுகள் 1966இல் வெளியாயின. டென்மார்க்கின் ஃபாங்கர் இத்தகைய சோதனைகளைக் கொண்டு 1970இல் தன் சமன்பாட்டை நூலாக்கினார். காற்றின் வெப்பம், சுவர்களின் கதிர்வெப்பம், காற்றோட்டம், ஈரப்பதம், உடை, உழைப்பு ஆகிய ஆறையும் கொடுத்தால் மைனஸ் 3க்கும் பிளஸ் 3க்கும் இடையில் ஓர் எண் வரும். நாடோ வயதோ இதைக் கணிசமாக மாற்றாது என்பது அவர் நிலைபாடு. கன்சாஸில் உட்கார்ந்திருந்த உடல் இப்படித்தான் 'மனித உடல்' ஆயிற்று. 1984இல் அது சர்வதேசத் தரமாகவும் ஆனது.

மறுப்பு வராமலில்லை. பிரிட்டனில் ஹம்ஃப்ரீஸும் நிக்கலும் 1970களிலேயே கேள்வி எழுப்பினார்கள். 1998இல் டி டியர், பிராகர் இருவரும் நான்கு கண்டங்களின் 160 கட்டடங்களிலிருந்து சுமார் 21,000 பதிவுகளை முன்வைத்தார்கள். ஜன்னல் திறக்க முடிந்த கட்டடத்தில் ஜனங்கள் வெளி வெயிலுக்கேற்பத் தங்களை மாற்றிக்கொள்கிறார்கள். அவர்களுடைய சுகத்தின் எல்லையும் நகர்கிறது. உடல் வெறும் வெப்பமானி இல்லை என்று ஒப்புக்கொண்டதே பெரிய விஷயம்தான்.

ஆனால் 2004இல் அமெரிக்கத் தரத்துக்குள் இது நுழைந்தபோது ஒரு நிபந்தனையோடுதான் நுழைந்தது: இருப்பவர்கள் ஏறக்குறைய உட்கார்ந்த நிலையில் வேலை செய்பவர்களாக, உடையை இஷ்டப்படி மாற்றிக்கொள்ளக்கூடியவர்களாக இருக்க வேண்டும். கோட்டைக் கழற்றக் கூடாது, உட்காரக் கூடாது, விசிறி போடக் கூடாது என்றிருக்கிற ஆய்வக மாணவன் இங்கே யார்? இந்தியாவின் 2016 தேசியக் கட்டட விதித் தொகுப்பில் இடம்பெற்ற தகவமைப்பு மாதிரிகூட, சென்னை உள்ளிட்ட ஐந்து நகரங்களின் அலுவலகங்களில் கேட்டுத் திரட்டியதுதான். நாற்காலியில் இருப்பவனிடம் கேட்டிருக்கிறார்கள்.

எங்கள் ஆய்வகத்தில் கடைசி பர்னர் அணைந்ததும் யாராவது ஒருத்தன் சுவிட்சைப் பார்த்து ஓடுவான். நாங்களெல்லாம் கோட்டுப் பொத்தானைக் கழற்றிக்கொண்டு விசிறிக்கு அடியில் போய் நிற்போம்.